ஜிம்னியை உயர்த்திய பிறகு: எந்த ராடு, எந்த ஆர்ம், எதை முதலில் வாங்குவது?

கோத்தகிரியிலிருந்து குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும்போதுதான் எனக்கு இது உறைத்தது. ஐந்து கதவு மாருதி ஜிம்னியை 2 அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் போட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரவில்லை, கையால் இழுக்க வேண்டியிருந்தது. மாட்டிக்கொடுத்தவர் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் மட்டும் மாற்றியிருந்தார். வண்டி உயர்ந்துவிட்டது, அடியில் இருந்த கோணங்கள் கலைந்துவிட்டன. அவற்றைத் திருத்தத்தான், ஆக்ஸிலைச் சேஸியோடு பிணைக்கும், நீளம் கூட்டிக் குறைக்கக்கூடிய ராடும் ஆர்மும்.

செலவு செய்வதற்கு முன் ஒன்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் கேட்டுவிட்டே இறங்குங்கள்.

படி 1: அளவெடுங்கள்

சமதரை வேண்டும். நம் ஊரில் அதுவே கஷ்டம். நான் பெட்ரோல் பங்க் முற்றத்தைக் கேட்டு வாங்கினேன். வழக்கமாக ஏற்றும் சுமையோடு வண்டியை நிறுத்துங்கள். நான்கு சக்கரத்திலும் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். பிறகு கொத்தனாரின் தூக்குக்குண்டை மட்கார்டு விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, நூலுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியை இடம், வலம் இரண்டிலும் பாருங்கள். வித்தியாசத்தில் பாதிதான் ஆக்ஸில் நகர்ந்த தூரம்.

படி 2: பேன்ஹார்ட் ராடு

முதல் பணம் இதற்குத்தான் என்பேன். ஜிம்னியில் முன்னும் பின்னும், இட வலச் சக்கரங்களை இணைக்கும் ஒரே துண்டான ஆக்ஸில். அது பக்கவாட்டில் ஓடாமல் பிடித்து வைப்பது இந்த ராடு. ஒரு முனை சேஸியில், மறுமுனை ஆக்ஸிலில். வண்டி உயர்ந்தால் ராடு கூடுதலாகச் சாய்கிறது. சாய்ந்த ராடு குறுக்கே எட்டும் தூரம் குறைவு, அதனால் சேஸியில் மாட்டிய பக்கமாக ஆக்ஸிலை இழுத்துக்கொள்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 90 செ.மீ. ராடின் ஒரு முனை மற்றதைவிட 10 செ.மீ. தாழ்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டியை 5 செ.மீ. உயர்த்தினால் ஆக்ஸில் ஏறக்குறைய 7 மி.மீ. நகரும். ராடைக் கொஞ்சம் நீட்டினால் ஆக்ஸில் நடுவுக்கு வந்துவிடும்.

முன்ராடை நீட்டியதும் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ராடான டிராக் லிங்க்கைத் திருகி நேராக்காமல் ஓட்டாதீர்கள். ஜிம்னியில் வண்டி சறுக்காமல் பிடிக்கும் இ.எஸ்.பி. இருக்கிறது, ஸ்டீயரிங் நேராக இல்லாவிட்டால் வண்டி திரும்புவதாக அது நினைத்துக்கொள்ளும்.

படி 3: கேஸ்டர்

ஸ்டீயரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவருவது கேஸ்டர் கோணம், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. முன் ஆர்ம்கள் ஆக்ஸிலிலிருந்து பின்னோக்கிப் போய்ச் சேஸியில் மாட்டியிருப்பதால், உயர்த்தும்போது ஆக்ஸில் சற்றுச் சுழன்று அந்தக் கோணம் குறைகிறது. குறைந்த உயரத்துக்கு, ஆர்மின் முனையில் உள்ள ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் துளை மையம் விலகிய புஷ் போதும், செலவும் குறைவு. அதற்கு மேல் என்றால் திருத்தப்பட்ட ஆர்ம். அலைன்மென்ட் கடையில் கேஸ்டர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து, எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

எஸ்டேட் ஜீப்பும் ஜிப்சியும் வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டு படியும் வேறு மாதிரி. அங்கே ஆக்ஸிலைப் பிடித்திருப்பதே பட்டை ஸ்பிரிங்தான். கோணத்தைத் திருத்த, பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு வைப்பார்கள்.

படி 4: முனையைப் பாருங்கள்

ஒரே நீள ராடு இரண்டு விதமாக வரும்: ரப்பர் புஷ், அல்லது உருண்டை ஜாயின்ட். உருண்டை ஜாயின்ட் நன்றாக வளைந்துகொடுக்கும். ஆனால் சோலூர்மட்டம் பக்கத்து மழைச் சேறு அதற்குள் புகுந்தால் தேய்ந்து கடகடக்கும். தினமும் ஓட்டும் வண்டிக்கு நான் ரப்பர் புஷ்தான் சொல்வேன். ஒரு முனையில் வலப்புரி, மறுமுனையில் இடப்புரி மரை உள்ள ராடாக இருந்தால் வண்டியிலிருந்து கழற்றாமலே திருகலாம். மரை எவ்வளவு தடிமனோ, குறைந்தது அவ்வளவு நீளமாவது உள்ளே ஏறியிருக்க வேண்டும். அதைவிடக் குறைவாகத் தொங்கும் ராடை மலையில் ஓட்டக் கூடாது.

நாபைத் திருப்பி இறுக்கம் மாற்றும் ஷாக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம். நடுவில் வைத்து, ஒரே சாலையில் இரண்டிரண்டு கிளிக்காக மாற்றிப் பாருங்கள்.

படி 5: மாட்டுவது

சேஸியை ஸ்டாண்டில் தாங்கவைத்து ஆக்ஸிலை முழுவதும் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் விறைத்தால் நீளமானது தேவை. நீளமான ஷாக் போட்டிருந்தால், ஆக்ஸில் மேலேறுவதைத் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பையும் கீழ்நோக்கி நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தில் ஷாக்கே முட்டி உடையும்.

புஷ் போல்ட்களைத் தொங்கும் நிலையில் இறுக்காதீர்கள். அப்படி இறுக்கினால் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுகி நின்று சீக்கிரமே கிழியும். நான்கு சக்கரமும் தரையில் ஊன்றிய பிறகு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள். லாக் நட்டின் மேலும் ராடின் மேலும் சேர்ந்தாற்போல் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். 100 கி.மீ.யிலும் 500 கி.மீ.யிலும் குனிந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் நட் தளர்ந்திருக்கிறது. மறுபடி அளந்து, இறுக்கி, புதிதாகக் கோடு போடுங்கள்.