"எல்லாம் யூரோப்தானுங்களே?" – ஐரோப்பிய ஒன்றியமும் அண்டை நாடுகளும்: நம்ம ஊர் ஏற்றுமதியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான தீர்வையை (இறக்குமதி வரியை) 50 சதவீதத்துக்கு ஏற்றியதும் திருப்பூர், கரூர் பக்கம் எல்லோருடைய பேச்சும் ஐரோப்பாவுக்குத் திரும்பிவிட்டது. திரும்பியதில் தப்பில்லை. ஆனால் விலை பேச உட்காரும்போது ஒரு வசனம் அடிக்கடி காதில் விழுகிறது: "லண்டனோ, டப்ளினோ, இஸ்தான்புல்லோ, எல்லாம் யூரோப்தானுங்களே?"

இல்லைங்க. ஐரோப்பிய ஒன்றியம் என்பது 27 நாடுகள். அதை ஒட்டியிருக்கும் பிரிட்டன், நார்வே, சுவிட்சர்லாந்து, துருக்கி, உக்ரைன் எல்லாம் அந்த ஒன்றியத்தோடு வெவ்வேறு மாதிரி உறவு வைத்திருப்பவை. ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பந்தம், தனிப் பிணக்கு. சரக்கு எந்தக் கோட்டைத் தாண்டுகிறது, அந்தக் கோட்டில் தீர்வை வாங்குவது யார் என்று கேட்காமல் விலை கொடுத்தால், அந்த சீசன் லாபம் வாங்குபவர் பிடித்துக்கொள்ளும் டெபிட் நோட்டில் போய்விடும்.

சுங்க ஒன்றியமும் தடையற்ற வணிகமும் ஒன்றுதான் என்று நினைப்பது

செலவு அதிகம் வைக்கும் தவறு இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

2017 ஜூலைக்கு முன்னால் வாளையாறு செக்போஸ்ட்டில் லாரிகள் நின்ற வரிசை கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மறந்திருக்காது. ஜி.எஸ்.டி. வந்தபின் அந்த வரிக் கெடுபிடி போயிற்று. சுங்க ஒன்றியமும் ஏறத்தாழ அப்படித்தான்: வெளிவாசலில் ஒரே தீர்வை, உள்ளே தடுப்பு கிடையாது. ராட்டர்டாமில் தீர்வை கட்டி இறக்கிய திருப்பூர் டி-சர்ட், அங்கிருந்து போலந்துக்கோ இத்தாலிக்கோ போனால் மறுபடி தீர்வை இல்லை. எந்த நாட்டில் இறக்கினாலும் தீர்வை விகிதம் ஒன்றுதான். வாட் வரி மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் 19 சதவீதம், ஹங்கேரியில் 27.

தடையற்ற வணிக ஒப்பந்தம் அப்படியல்ல. அதில் இரண்டு தரப்புக்கும் தனித்தனி வாசல். "உன் நாட்டில் செய்த பொருளுக்கு என் வாசலில் தீர்வை இல்லை" என்பது மட்டும்தான் உடன்பாடு. ‘செய்த’ என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. வேறு நாட்டில் செய்த பொருள் அந்த வழியாக வந்தால் சலுகை கிடையாது.

பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. இடைக்காலம் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை ஓடியது. 2021 ஜனவரி 1 முதல் இரு தரப்புக்கும் இடையே இருப்பது இந்த இரண்டாவது வகை ஒப்பந்தம். பத்திரிகைகளில் "தீர்வையே இல்லாத ஒப்பந்தம்" என்று வந்ததைப் பார்த்துவிட்டு, பழைய ஏற்பாடே தொடரும் என்று இங்கே பலரும், அங்கே பல சில்லறை வணிக நிறுவனங்களும் இருந்துவிட்டார்கள்.

என்ன ஆயிற்று என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இங்கிலாந்துக் கிடங்கு ஒன்றுக்கு ஒரு லட்சம் பவுண்டு மதிப்புள்ள பின்னலாடை போகிறது. பருத்தி டி-சர்ட்டுக்குப் பொதுவான தீர்வை 12 சதவீதம். சலுகை ஏதுமில்லாமல் வந்தால் 12,000 பவுண்டு கட்டி எடுக்கிறார்கள். அதில் கால் பங்கை, 25,000 பவுண்டு சரக்கை, டப்ளின் கடைகளுக்கு அனுப்புகிறார்கள். அயர்லாந்து ஒன்றியத்துக்குள் இருக்கும் நாடு. சட்டை திருப்பூரில் தைத்தது, பிரிட்டனில் தைத்ததல்ல. ஆகவே டப்ளின் வாசலில் மறுபடி தீர்வை. ஒரே சட்டைக்கு இரண்டு முறை. இங்கிலாந்தில் மடித்து, புது லேபிள் ஒட்டி, புது பாலிபேக் போட்டாலும் அது பிரிட்டன் பொருளாகிவிடாது.

"அது பையர் பாடுதானே, நாம எஃப்.ஓ.பி.தானே போடறோம்" என்பார்கள். எஃப்.ஓ.பி. என்றால் சரக்கைக் கப்பலில் ஏற்றுவதோடு நம் பொறுப்பு முடிந்தது. சட்டப்படி சரி. அடுத்த சீசன் டார்கெட் பிரைஸ் வரும்போது அது யார் பாடு என்பது தெரியும். தீர்வையையும் தாங்களே கட்டி ஒப்படைக்கும் டி.டி.பி. முறைக்கு ஒத்துக்கொண்டவர்களுக்கு அதுவரை காத்திருக்கவும் வேண்டாம்.

தீர்வு ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஆர்டர் பேசும்போதே கடைசிக் கடை எந்த நாட்டில் என்று கேட்டு, அயர்லாந்துப் பங்கைத் தனி இன்வாய்ஸ், தனி பேக்கிங் லிஸ்ட் போட்டு நேரே ஒன்றியத்தின் துறைமுகத்துக்கு அனுப்பலாம். பையர் ஒத்துக்கொண்டால் இங்கிலாந்தில் தீர்வை கட்டாமல் பாண்டட் கிடங்கில் வைத்து, அங்கிருந்து டிரான்சிட்டில் எடுத்துப் போகவும் வழியுண்டு. அட்டைப்பெட்டிகளைக் கலந்து அடுக்கிவிட்டு, கன்டெய்னர் தூத்துக்குடி தாண்டிய பிறகு யோசித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இதற்குள் இன்னொரு சிக்கல் வடக்கு அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்ட். வடக்கு அயர்லாந்து பிரிட்டனின் பகுதி. ஆனால் அயர்லாந்துத் தீவுக்குள் கம்பிவேலியும் சோதனைச்சாவடியும் திரும்ப வரக்கூடாது என்ற அரசியல் காரணத்தால், சரக்கு விஷயத்தில் ஒன்றியத்தின் விதிகள் பலவும் அங்கே செல்லும். 1998 அமைதி உடன்பாட்டைக் காப்பாற்றவே இந்த ஏற்பாடு. 2023-ல் வின்ட்சர் கட்டமைப்பு என்ற பெயரில் இதைத் திருத்தினார்கள். அங்கேயே விற்கப்போகும் சரக்கு என்று பதிவு பெற்ற இறக்குமதியாளர் உறுதி சொன்னால் பிரிட்டன் தீர்வை, எல்லை தாண்டிப் போக வாய்ப்பிருந்தால் ஒன்றியத்தின் தீர்வை. பெல்ஃபாஸ்ட் முகவரி வந்தால் பையரின் சுங்க முகவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

துருக்கியை வெறும் போட்டியாளராக மட்டும் பார்ப்பது

துருக்கி ஒன்றியத்தின் உறுப்பினர் அல்ல. ஆனால் 1995 டிசம்பர் 31 முதல் அதோடு சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது. ஆலைப் பொருள்களுக்கும் பதப்படுத்திய சில வேளாண் பொருள்களுக்கும் மட்டும். தோட்டத்தில் பறித்த தக்காளிக்கு அது பொருந்தாது. ஆடைக்குப் பொருந்தும். அதனால்தான் அங்கே தைத்த சட்டை தீர்வையில்லாமல் லாரியிலேயே சில நாளில் ஜெர்மனி போய்விடுகிறது. நம் கன்டெய்னருக்கு வாரக்கணக்கு. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியபின் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியதில் அதற்கும் மேலே பத்து, பதினைந்து நாள் ஏறிற்று. ரிப்பீட் ஆர்டர் சின்ன அளவில் அவசரமாக வரும்போது அது ஏன் துருக்கிக்குப் போகிறது என்பதற்கு விலை மட்டும் காரணமல்ல.

பலரும் கவனிக்காத மறுபக்கம் ஒன்று உண்டு. ஒன்றியத்துக்கும் துருக்கிக்கும் இடையே ஓடும் சரக்குக்கு ஏ.டி.ஆர். என்ற சான்று போதும். அந்தச் சான்று பொருள் எங்கே செய்யப்பட்டது என்று சொல்வதில்லை, தீர்வை கட்டி உள்ளே வந்துவிட்டது என்று மட்டும் சொல்கிறது. அப்படியானால் ஒன்றியம் வேறொரு நாட்டுக்குத் தீர்வையை நீக்கினால், அந்த நாட்டுப் பொருள் ஒன்றியத்தின் வழியாகத் துருக்கிக்குள்ளும் நுழையலாம். துருக்கிப் பொருளுக்கோ அந்த நாட்டில் சலுகை கிடைக்காது, ஏனென்றால் ஒப்பந்த மேசையில் துருக்கிக்கு நாற்காலியே இல்லை. தென்கொரியாவோடு ஒன்றியம் செய்த ஒப்பந்தம் 2011-ல் நடைமுறைக்கு வந்தது. துருக்கி ஓடிப்போய்த் தனியாக ஒன்று செய்துகொள்ள 2013 ஆயிற்று. அதே 2011-ல் துணிக்கும் ஆடைக்கும் துருக்கி கூடுதல் தீர்வை போட்டதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதனால் "ஹாம்பர்க்கில் இறக்கி அப்படியே இஸ்தான்புல்லுக்கு அனுப்பிடலாம்" என்று யாராவது சொன்னால், இந்தக் கூடுதல் தீர்வை பற்றி எழுத்தில் பதில் வாங்காமல் விலை சொல்லாதீர்கள்.

சுவிஸையும் நார்வேயையும் ஒரே பையில் போடுவது

இரண்டும் எஃப்டா என்ற ஐரோப்பியத் தடையற்ற வணிகக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள். ஐஸ்லாந்தும் லிச்சன்ஸ்டைனும் கூட. இரண்டிலும் மக்கள் வாக்கெடுப்பு வைத்து "வேண்டாம்" என்றார்கள். நார்வே 1972-லும் 1994-லும் ஒன்றியத்தில் சேர மறுத்தது. ஆனாலும் ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தையில் இடம் தரும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி என்ற ஏற்பாட்டில் இருக்கிறது. சுவிட்சர்லாந்து 1992-ல் அதையும் மறுத்துவிட்டு, ஒன்றியத்தோடு விஷயத்துக்கு ஒரு ஒப்பந்தம் என்று தனித்தனியாகப் போட்டுக்கொண்டது. சுங்க ஒன்றியத்தில் இரண்டுமே இல்லை. ராட்டர்டாமில் தீர்வை கட்டிய சட்டை ஆஸ்லோ போனால் நார்வே தன் கணக்கைத் தனியாகப் பார்க்கும்.

எஃப்டாவோடு இந்தியா செய்த ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதினைந்து ஆண்டில் 100 பில்லியன் டாலர் முதலீடு என்ற வாக்குறுதியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பனியன் கம்பெனிக்காரர் பார்க்க வேண்டியது வேறு: சுவிட்சர்லாந்து 2024 ஜனவரி 1 அன்றே ஆலைப் பொருள்கள் எல்லாவற்றுக்கும், எந்த நாட்டிலிருந்து வந்தாலும், தீர்வையை எடுத்துவிட்டது. பங்களாதேஷ் சட்டைக்கும் சுழியம், சீனச் சட்டைக்கும் சுழியம், நமக்கும் சுழியம். "ஒப்பந்தத்தால் நமக்கு சுவிஸ் சந்தையில் மேல்கை" என்று பையரிடம் சொன்னால் அவர் சிரிப்பார். நார்வே கதை வேறு. அங்கே ஆலைப் பொருள்களில் தீர்வை மிச்சமிருப்பது பெரும்பாலும் ஆடை, ஜவுளிக்குத்தான். ஒப்பந்தத்தை அங்கேதான் படித்துப் பார்க்க வேண்டும்.

அரசியலில் நண்பன் என்றால் வணிகத்திலும் நண்பன் என்று கணக்குப் போடுவது

ரஷ்யா 2022-ல் படையெடுத்தபோது உக்ரைனுக்கு முன்னால் நின்ற நாடுகளில் ஒன்று போலந்து. அகதிகளுக்குக் கதவைத் திறந்தது, ஆயுதம் கொடுத்தது. அந்த ஆண்டு ஜூனில் ஒன்றியம் உக்ரைன் பொருள்களுக்குத் தீர்வையை நிறுத்திவைத்தது. கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டிருந்ததால் தானியம் ரயிலிலும் லாரியிலும் பக்கத்து நாடுகளுக்குள் வந்தது, உள்ளூர் விலை சரிந்தது. 2023-ல் அதே போலந்து, ஹங்கேரி, ஸ்லோவாக்கியாவோடு சேர்ந்து உக்ரைன் தானியத்துக்குத் தடை போட்டது. 2024 தொடக்கத்தில் போலந்து விவசாயிகள் டிராக்டர்களைக் கொண்டுவந்து எல்லைச் சாலைகளை மறித்தார்கள். கொப்பரை விலை விழுந்தால் பொள்ளாச்சியில் என்ன பேச்சு நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

துருக்கி இதற்கு நேர் எதிர். 2005-ல் தொடங்கிய சேர்க்கைப் பேச்சு சைப்ரஸ் பிரச்சினையில் மாட்டி, 2018-ல் "நின்றுபோயிற்று" என்று ஒன்றியமே சொல்லிவிட்டது. சுங்க ஒன்றியமோ ஒரு நாளும் நிற்கவில்லை. லாரிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. செய்தியில் தலைவர்கள் கைகுலுக்குவதையும் முறைத்துக்கொள்வதையும் வைத்து ஆர்டர் புத்தகத்தைக் கணிக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இந்த இரண்டும் போதும்.

கையெழுத்தையும் நடைமுறையையும் குழப்புவது

"ஜெர்மனிக்காரங்க நம்மகிட்ட தனியா ஒரு ஒப்பந்தம் போட்டுக்குவாங்க" என்ற பேச்சை முதலில் விட்டுவிடலாம். உறுப்பு நாடுகளுக்கு அந்த அதிகாரம் கிடையாது. 27-க்கும் சேர்த்து ஐரோப்பிய ஆணையம்தான் பேசும். எஃப்டா நாடுகள் தனியாகவும் போடலாம். ஐஸ்லாந்தும் சுவிட்சர்லாந்தும் சீனாவோடு செய்த தனித்தனி ஒப்பந்தங்கள் 2014-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டன.

பேச்சு முடிந்தது, கையெழுத்தானது, ஒப்புதல் கிடைத்தது, நடைமுறைக்கு வந்தது – நான்கும் நான்கு நாள். இந்தியா–எஃப்டா ஒப்பந்தம் 2024 மார்ச் 10-ல் கையெழுத்தாகி, நடைமுறைக்கு வர ஒன்றரை வருஷம் எடுத்தது. பிரிட்டனோடு 2025 ஜூலை 24-ல் கையெழுத்தானது; மறுநாளே 12 சதவீதம் மறைந்துவிடவில்லை. ஒன்றியத்தோடு இந்தியா 2007-ல் பேசத் தொடங்கி, 2013-ல் நின்று, 2022-ல்தான் மறுபடி உட்கார்ந்தது. டிவியில் வாண வேடிக்கை பார்த்துவிட்டுத் தீர்வை இல்லாத விலையைக் கொடுத்துவிடாதீர்கள். சரக்கு அங்கே துறைமுகத்தில் இறங்கும் தேதியில் என்ன விகிதம் என்பதுதான் கணக்கு.

தீர்வையை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விடுவது

ஃபிராங்பர்ட் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குப் போகும் கரூர்க்காரர்கள் ஷெங்கன் விசாவில் (ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகும் ஏற்பாடு) அப்படியே சூரிச் போகலாம். சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. டப்ளினுக்குத் தனி விசா. ஒன்றியத்தில் இருந்தாலும் ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் யூரோ செல்லாது. இவையெல்லாம் ஒரு நிமிஷத்தில் சரிபார்க்கக்கூடியவை.

தரவிதிகள் அப்படியில்லை. நார்வே தன் தீர்வையைத் தனியாக வைத்திருந்தாலும், உணவுப் பாதுகாப்பு, ரசாயன விதிகளில் ஒன்றியத்தைத்தான் பின்பற்றுகிறது. ஈரோட்டு மஞ்சளில் பூச்சிமருந்து எச்சம் இருந்து ஒன்றியத்தில் திரும்பினால், நார்வேயிலும் அது எடுபடாது. துணிச் சாயங்களில் தடை செய்த அசோ வகைக்கும் அதே கதி. பிரிட்டன் வெளியேறியபின் ரசாயனங்களுக்குத் தனி விதிப்புத்தகம் வைத்துக்கொண்டது. ஆனால் மோட்டார், பம்ப் செய்யும் கோவைக்காரர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி: தனி முத்திரை கட்டாயம் என்று பயமுறுத்திய பிரிட்டன், 2023-ல் பின்வாங்கி, பெரும்பாலான பொருள்களுக்கு ஒன்றியத்தின் சி.இ. முத்திரையையே காலவரையின்றி ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது.

கார்பன் எல்லை வரி விஷயமும் இருக்கிறது, அதாவது பொருளைச் செய்யும்போது வெளியான கார்பனுக்கு இறக்குமதியில் வாங்கும் வரி. இரும்பு, எஃகு, அலுமினியப் பொருள்களில் பலவற்றுக்கு 2023 அக்டோபர் முதல் ஒன்றியம் கணக்குக் கேட்டுவந்தது. 2026 ஜனவரி 1 முதல் இறக்குமதியாளருக்கு அது பணமாகவே விழுகிறது. நார்வே, ஐஸ்லாந்து, லிச்சன்ஸ்டைன், சுவிஸ் பொருள்களுக்கு விலக்கு உண்டு, ஒன்றியத்தின் கார்பன் சந்தையோடு (கார்பன் வெளியிடும் அனுமதியை வாங்கி விற்கும் ஏற்பாடு) அவை இணைந்திருப்பதால். துருக்கிக்கு விலக்கு இல்லை, நமக்கும் இல்லை. கோவையில் செய்யும் பம்ப் இந்தப் பட்டியலில் வராது. போல்ட், நட்டு வரும். பிரிட்டன் 2027 ஜனவரியிலிருந்து தன்னுடைய கார்பன் வரியைத் தனியாகக் கொண்டுவருவதாக அறிவித்திருக்கிறது. ஆகவே பீளமேட்டிலிருந்து பர்மிங்ஹாமுக்கும் ஸ்டட்கார்ட்டுக்கும் ஒரே போல்ட்டை அனுப்புபவர், ஃபர்னஸ் எரிபொருள் பில்லையும் கம்பி வாங்கிய ஆலையின் கார்பன் விவரத்தையும் இப்போதே ஃபைல் போட்டு வைக்க வேண்டியிருக்கும், இரண்டு படிவத்துக்கும் தனித்தனியாக.