பிரிண்டரைத் திட்டும் முன்: லினக்ஸ் அலுவலகத்தில் செய்யக்கூடாத தவறுகள்

"சார், காலையிலிருந்து கொடுத்துக்கிட்டே இருக்கேன், பிரிண்ட் வரவே மாட்டேங்குது."

ஒரு சின்ன அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் அம்மா இப்படிச் சொன்னார். நான் போய்ச் செய்தது ஒரே ஒரு கிளிக். அச்சு வரிசை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதை மறுபடி ஓடவிட்டேன். அவ்வளவு நேரம் ஊமையாக இருந்த பிரிண்டர் ஒரே கடிதத்தைப் பதினொரு தடவை துப்பியது. கடிதம் நான்கு பக்கம். 44 தாள். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் ஏதோ கெடுத்துவிட்டேன் என்பது தெளிவாக இருந்தது.

நடந்தது என்னவென்றால், லினக்ஸில் அச்சு வேலைகளை வாங்கி, வரிசைப்படுத்தி, பிரிண்டருக்கு அனுப்புவது கப்ஸ் என்ற மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் உருவாக்கி 1999-இல் வெளிவந்தது. ஆப்பிள் மேக்கிலும் இதுதான் ஓடுகிறது. கேபிள் ஆடினாலோ, யாராவது சுவிட்சை அணைத்தாலோ கப்ஸால் பிரிண்டரோடு பேச முடியாது. அப்போது அது வழக்கமாக அந்த வரிசையையே நிறுத்திவிடும். அப்புறம் பிரிண்டர் சரியாகிவிட்டாலும் வரிசை தானாக எழுந்துகொள்ளாது. புதிதாகக் கொடுக்கும் வேலைகளை வாங்கி வைத்துக்கொள்ளும், அனுப்பாது. கொடுப்பவருக்கோ எதுவுமே நடக்காததுபோல் இருக்கும், இன்னொரு முறை கொடுப்பார்.

வரவில்லை என்றால் மறுபடி கொடுப்பது, அதுதான் முதல் தவறு. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, 631 என்ற போர்ட் எண்ணைக் கொடுத்தால் கப்ஸின் பக்கம் திறக்கும். வரிசை நின்றிருக்கிறதா, எத்தனை வேலை காத்திருக்கிறது என்று அங்கே பாருங்கள். பிரிண்டரின் அமைப்புகளில் 'எரர் பாலிசி' என்று ஒன்று இருக்கும். அதில் 'ஸ்டாப் பிரிண்டர்' என்றிருப்பதை 'ரீட்ரை கரண்ட் ஜாப்' என்று மாற்றிவிட்டால், பிரிண்டர் திரும்பி வரும்வரை கப்ஸ் முயன்றுகொண்டே இருக்கும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊர்களில் நான் முதல் வேலையாக இதைத்தான் மாற்றுவேன்.

இதைவிடப் பெரிய தவறு, கோளாறு எந்த இடத்தில் என்று தெரியாமலே கையில் கிடைத்த அமைப்பை எல்லாம் திருகுவது. ஒரு கடிதம் தாளில் விழுவதற்குள் பல கை மாறுகிறது. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் அதை எழுதுகிறது, ஃபான்ட் வடிவம் கொடுக்கிறது, கப்ஸ் வாங்கிக்கொள்கிறது, டிரைவர் பிரிண்டருக்குப் புரியும் மொழியில் மாற்றுகிறது, கடைசியில்தான் பிரிண்டர். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தால் பிரிண்டர் டிரைவரை அழித்துவிட்டுத் திரும்ப நிறுவுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிற்று வலிக்குக் காலில் கட்டுப் போடுகிற கதை.

ஒரு நிமிடச் சோதனை போதும். ஆவணத்தை லிப்ரே ஆபீஸிலிருந்தே பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்து திறந்து பாருங்கள். பிடிஎஃப்பிலேயே எழுத்து தவறு என்றால் குற்றம் ஃபான்ட் பக்கம்; பிரிண்டரைத் தொடவே வேண்டாம். பிடிஎஃப் சரியாக இருந்து, தாளில் மட்டும் தவறு என்றால் கப்ஸ், டிரைவர், பிரிண்டர் என்று கீழே போகலாம்.

பிரிண்டர் பக்கம்

வாங்கும்போதே ஆரம்பிக்கிறது வினை. கடைக்காரர் "எல்லாக் கம்ப்யூட்டருக்கும் வேலை செய்யும்" என்று சொன்னால், அவர் மனதில் இருப்பது விண்டோஸ் மட்டும்தான். விலை குறைந்த பல லேசர் பிரிண்டர்களுக்குச் சொந்த மூளை மிகக் குறைவு. வேலையைக் கம்ப்யூட்டர்தான் செய்து கொடுக்க வேண்டும். நம் ஊர் அலுவலகங்களில் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும் ஹெச்பி லேசர்ஜெட் 1020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஃபர்ம்வேர், அதாவது பிரிண்டரை உள்ளிருந்து இயக்கும் நிரல், பிரிண்டருக்குள் நிரந்தரமாகத் தங்காது; ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் கம்ப்யூட்டர் ஏற்ற வேண்டும். ஹெச்பியின் லினக்ஸ் மென்பொருள் இதற்குத் தனியாக ஒரு பிளக்இன், அதாவது கூடுதல் துணை நிரல், கேட்கும். அந்த பிளக்இன்னும் மென்பொருளும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சிஸ்டத்தை அப்டேட் செய்துவிட்டு, திங்கட்கிழமை பிரிண்டர் செத்துவிட்டது என்று அலறுவது பெரும்பாலும் இதனால்தான். பிளக்இன்னைத் திரும்ப நிறுவினால் உயிர் வந்துவிடும். கேனன் எல்பிபி 2900-க்கும் கிட்டத்தட்ட இதே சிரமம். கேப்ட் என்ற தனி மொழி, அதற்கென்று தனி டிரைவர்.

புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் அட்டைப்பெட்டியில் ஏர்பிரிண்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் தனி டிரைவரே தேவைப்படாது. இவ்வளவுதான் என் கடைத்தெரு அறிவுரை.

நெட்வொர்க் பிரிண்டரை ஐபி எண் கொடுத்துச் சேர்ப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த எண்ணைப் பிரிண்டருக்குக் கொடுப்பது ரூட்டர். ரூட்டரை அணைத்துப் போட்டால் நேற்று 192.168.1.12 ஆக இருந்தது இன்று 192.168.1.15 ஆகலாம். கப்ஸ் பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கும். ரூட்டருக்குள் போய் அந்தப் பிரிண்டருக்கு ஒரே எண்ணை ஒதுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் எண்ணை விட்டுவிட்டு நெட்வொர்க்கில் தானாகத் தெரியும் பெயரை வைத்துச் சேருங்கள்.

கூடவே ஒரு பாதுகாப்பு விஷயம். எல்லாரும் பிரிண்ட் எடுக்கட்டும் என்று ஃபயர்வாலில் 631-ஐ வெளி உலகத்துக்கே திறந்து வைக்கக் கூடாது. 2024 செப்டம்பரில் கப்ஸின் துணை நிரல்களில் தொடர்ச்சியாகச் சில ஓட்டைகள் வெளிவந்தன. பிரிண்டர்களைத் தானாகத் தேடிச் சேர்க்கும் நிரல் அந்த 631-இல் யார் சொன்னாலும் நம்பிக்கொண்டிருந்ததுதான் அதில் முதல் ஓட்டை. அலுவலக நெட்வொர்க்குக்குள் மட்டும் திறந்தால் போதும்.

சரி, தாள் அளவுக்கு வருவோம். லினக்ஸை நிறுவும்போது மொழி என்ற இடத்தில் பழக்கதோஷத்தில் 'இங்கிலீஷ், யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்று தட்டிவிடுகிறோம். அமெரிக்கா என்றால் தாள் லெட்டர் அளவு: 216 மில்லிமீட்டர் அகலம், 279 உயரம். நாம் டிரேயில் வைப்பதோ ஏ4, 210-க்கு 297. லெட்டர் 6 மில்லிமீட்டர் அகலம், 18 மில்லிமீட்டர் குட்டை. விளைவு, சில பிரிண்டர்கள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு லெட்டர் தாள் வருமா என்று காத்திருக்கும். சில, காத்திராமல் ஓரத்தை வெட்டி அடித்துவிடும். மூன்று இடங்களில் ஏ4 என்று இருக்க வேண்டும்: சிஸ்டத்தின் வட்டார அமைப்பில், கப்ஸில் அந்தப் பிரிண்டரின் இயல்பு அளவில், லிப்ரே ஆபீஸின் பக்க அமைப்பில். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு "மாற்றியும் சரியாகவில்லை" என்பவர்கள்தான் அதிகம். இன்னொன்று, பயனர் தனக்கென்று வைத்துக்கொண்ட பிரிண்டர் அமைப்பு அவருடைய ஹோம் ஃபோல்டருக்குள் கப்ஸ் என்ற மறைந்த ஃபோல்டரில் இருக்கும். நீங்கள் அட்மினாக மாற்றுவது எல்லாருக்கும் பொதுவானது. இரண்டும் மோதினால் ஜெயிப்பது பயனருடையது.

லிப்ரே ஆபீஸ் ஆவணத்தோடு பிரிண்டர் அமைப்பையும் சேர்த்துச் சேமிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. கிளை அலுவலகத்தில் தயாரித்த ஃபைலைத் திறந்தால், அந்தக் கிளையின் பிரிண்டர் அமைப்பும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆப்ஷன்ஸில் 'லோட்/சேவ்' பகுதியில் 'ஆவணத்தோடு பிரிண்டர் அமைப்புகளை ஏற்று' என்ற பொருளில் ஒரு டிக் இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள்.

இணையத்தில் பழைய வழிகாட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு 'எஸ்பி அட்மின்' எங்கே என்று தேடுபவர்களும் உண்டு. ஸ்டார் ஆபீஸ், ஓப்பன் ஆபீஸ் காலத்தில் யூனிக்ஸ் கணினிகளில் பிரிண்டரையும் ஃபான்ட்டையும் சேர்க்க ஆபீஸுக்கென்றே அப்படி ஒரு தனி நிரல் இருந்தது. இப்போதைய லிப்ரே ஆபீஸில் அது கிடையாது. பிரிண்டர்களைக் கப்ஸிடமும், ஃபான்ட்டுகளை ஃபான்ட்கான்ஃபிக் என்ற சிஸ்டம் நிரலிடமும் அது கேட்டுக்கொள்கிறது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஃபான்ட் பக்கம்

நமக்கு நிஜத் தலைவலி இங்கேதான். விண்டோஸில் செய்த கடிதம் லினக்ஸில் இரண்டு பக்கத்திலிருந்து மூன்றாகிவிட்டது என்றால் லிப்ரே ஆபீஸ் மோசம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஃபைலில் இருப்பது காலிப்ரி ஃபான்ட். உங்கள் கணினியில் அது இல்லை. இல்லாதபோது வேறொன்று அந்த இடத்தில் உட்காரும், அது அகலமான எழுத்தாக இருந்தால் வரிகள் வழியும். கார்லிட்டோ என்ற இலவச ஃபான்ட் காலிப்ரியின் அதே அகல அளவுகளோடு செய்யப்பட்டது. கேம்ப்ரியாவுக்குக் கலடியா, ஏரியலுக்கும் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் லிபரேஷன் குடும்பம். இவற்றை நிறுவினால் ஆங்கிலக் கடிதங்கள் பெரும்பாலும் பழைய இடத்திலேயே நிற்கும். எது எதற்குப் பதிலாக வருகிறது என்று தெரிய டெர்மினலில் எஃப்சி-மேட்ச் என்று அடித்து, பக்கத்தில் ஃபான்ட்டின் பெயரைக் கொடுங்கள். ஒரே வரியில் பதில் வரும்.

தமிழுக்கு இந்த வசதி இல்லை. லதா, நிர்மலா என்று விண்டோஸில் வரும் எழுத்துகளுக்கு அப்படி அளவுக்கு அளவு பொருந்தும் மாற்று எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது. ஆகவே இரண்டு பக்கத்தாரும் ஒரே இலவச ஃபான்ட்டை, உதாரணமாக நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்தா மலர், நிறுவிக்கொள்வதுதான் வழி.

பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்த ஃபைல்கள் தனிக் கூத்து. பாமினி இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, பின்னால் ஒரு அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். காரணம், உள்ளே சேமிக்கப்பட்டிருப்பதே அந்த ஆங்கில எழுத்துகள்தான். பாமினி அவற்றின் மேல் தமிழ் முகமூடி போடுகிறது, அவ்வளவே. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுத் தரம் யூனிகோட்; இந்த ஃபைல்களுக்கு யூனிகோட் ஃபான்ட் எத்தனை நிறுவினாலும் பலனில்லை. பாமினியையே நிறுவ வேண்டும், அல்லது மாற்றிக் கருவியில் போட்டு யூனிகோடாக்க வேண்டும். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. நான் எப்போதும் மாற்றச் சொல்வேன்.

எல்லாம் சரியான யூனிகோட், ஃபான்ட்டும் இருக்கிறது, ஆனாலும் அளவு மாறவில்லையா? லிப்ரே ஆபீஸ் ஒரே ஸ்டைலுக்குள் மூன்று ஃபான்ட்டுகளை வைத்திருக்கிறது: மேற்கத்திய எழுத்துக்கு ஒன்று, சீன ஜப்பானிய வகைக்கு ஒன்று, 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்ற வகைக்கு ஒன்று. தமிழ் இந்த மூன்றாவதில் வருகிறது. ஸ்டைலைத் திறந்து மேற்கத்திய இடத்தில் 14 என்று போட்டால் ஆங்கிலம் பெரிதாகும், தமிழ் 12-லேயே முறைத்துக்கொண்டு நிற்கும். ஆப்ஷன்ஸில் மொழிகள் பகுதிக்குப் போய் இந்தக் காம்ப்ளெக்ஸ் வகையை இயக்கி, அதில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு லிப்ரே ஆபீஸில் கடிதம் எழுதும் பகுதியான ரைட்டருக்கான அடிப்படை ஃபான்ட்டுகளில் அதற்கென ஒரு தனிப் பக்கம் முளைக்கும். அங்கே எழுத்தையும் அளவையும் ஒருமுறை வைத்துவிட்டால் போதும்.

ஃபான்ட் நிறுவும்போது இன்னொரு சறுக்கல். அட்மினாக நின்று பொது ஃபோல்டருக்குக் காப்பி செய்கிறார்கள். ஃபைலின் அனுமதி அட்மின் மட்டும் படிக்கும்படி இருந்துவிடுகிறது. அட்மினுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. எல்லாரும் படிக்கலாம் என்று அனுமதியை மாற்றி, எஃப்சி-கேஷ் கட்டளையை ஓட்டி, லிப்ரே ஆபீஸை முழுதாக மூடித் திறங்கள். திறந்தபடியே இருக்கும் ஜன்னலில் புது ஃபான்ட் பட்டியலில் வராமல் போகும்.

தடித்த எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். லோகித் தமிழ் என்ற இலவச ஃபான்ட்டில் தடித்த வடிவம் தனியாக இல்லை. நீங்கள் போல்டு அமுக்கினால் மென்பொருள் சாதாரண எழுத்தையே வீங்க வைக்கும். திரையில் ஏதோ பரவாயில்லை, லேசர் பிரிண்டில் 'ணை', 'ஞ' போன்றவற்றின் உள்வளைவுகள் அடைத்துக்கொண்டு மைத்திட்டாகிவிடும். தலைப்புகளுக்கு நிஜமான தடித்த வடிவம் உள்ள நோட்டோ போன்ற ஃபான்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கப்ஸின் சோதனைப் பக்கத்தை அடித்துப் பார்த்து 'எல்லாம் ஓகே' என்று கிளம்புவது. அந்தப் பக்கத்தில் தமிழே கிடையாது. நான் பென்டிரைவில் ஒரு பக்க ஃபைல் வைத்திருக்கிறேன். இரண்டு வரி தமிழ், அதில் 'ஸ்ரீ'யும் 'க்ஷ'வும். ஒரு தடித்த தலைப்பு. 2010-இல் வந்த ரூபாய்க் குறி, பழைய ஃபான்ட்டுகளில் அது கட்டமாகிவிடும் என்பதால். ஏ4 ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி நான்கு பக்கமும் ஒரு கோடு. அந்த நான்கு கோடும் தாளில் விழுந்த பிறகுதான் இப்போதெல்லாம் பையை எடுக்கிறேன்.