கிட்டில் 'டூபியஸ் ஓனர்ஷிப்' என்று வந்தால்: நட்சத்திரக்குறி போடாமல் சரிசெய்யும் வழி

உவர்மலையில் நான் உதவிக்குப் போகும் கணினி வகுப்பில், புதிதாகக் கிட் (ப்ரொஜெக்ட்டில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) பழகுபவர்கள் அடிக்கடி வந்து நிற்கிற இடம் இது: 'ஃபேட்டல்: டிடெக்டட் டூபியஸ் ஓனர்ஷிப் இன் ரெபொசிட்டரி'. அதாவது, இந்த ப்ரொஜெக்ட் ஃபோல்டர் உங்களுடையதுதானா என்று கிட்டுக்குச் சந்தேகம். உடனே இணையத்தில் தேடுவார்கள். சேஃப் டைரக்டரிக்கு, அதாவது கிட் நம்பும் ஃபோல்டர்களின் பட்டியலுக்கு, ஒரு நட்சத்திரக்குறி போட்டுவிடு என்று யாரோ எழுதியிருப்பார். நட்சத்திரம் என்றால் எல்லா ஃபோல்டரையும் நம்பு என்று அர்த்தம். போட்டால் பிழை போய்விடும், பாதுகாப்பும் கூடவே போய்விடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். விண்டோஸில், கிட்டோடு சேர்ந்து வரும் கட்டளை ஜன்னலான கிட் பாஷைத்தான் நான் பரிந்துரைப்பேன். பிழைச்செய்தி முழுவதையும் அதில் வாசிக்கலாம், கொப்பி பண்ணவும் இலகு.

ஏன் மறிக்கிறது?

ஒரு ப்ரொஜெக்ட்டின் பதிவுகளையும் அமைப்புகளையும் கிட் '.கிட்' என்ற ஃபோல்டரில் வைக்கும். நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் அது இல்லாவிட்டால், கிட் ஒவ்வொரு படியாக மேலே போய்த் தேடும். பலர் பாவிக்கும் கணினியில் யாராவது சி டிரைவின் உச்சியிலேயே ஒரு '.கிட்' ஃபோல்டரை உருவாக்கி வைத்தால், உங்கள் கிட் அதை எடுத்துக்கொள்ளும். அதன் கொன்ஃபிக் கோப்பில் (அமைப்புகள் எழுதியிருக்கும் கோப்பு) 'கோர்.எஃப்எஸ்மொனிட்டர்' என்ற இடத்தில் ஒரு புரோகிராமின் பெயரைக் கொடுத்திருந்தால், நீங்கள் 'கிட் ஸ்டேட்டஸ்' என்று தட்டியதுமே அந்தப் புரோகிராம் உங்கள் பெயரில் ஓடும். பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2022-24765 என்று பதிவான ஓட்டை இதுதான். 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பு இதை அடைத்தது. அன்றிலிருந்து, ஃபோல்டர் வேறொருவருக்கு உரியதாக இருந்தால் கிட் நின்றுவிடுகிறது.

படி 1: பதிப்பு

'கிட் --வெர்ஷன்'. விண்டோஸில் பழையதாக இருந்தால் 'கிட் அப்டேட்-கிட்-ஃபோர்-விண்டோஸ்'. சப்மொடியூல் (ப்ரொஜெக்ட்டுக்குள் சேர்க்கும் இன்னொரு ப்ரொஜெக்ட்) வழியாக வந்த வேறு ஓட்டைகள் 2024 மே மாதம் 2.45.1 இலும் 2025 ஜூலையில் 2.50.1 இலும் அடைக்கப்பட்டன. ஆகவே புதியதே நல்லது. லினக்ஸ் வகையான உபுண்டு 22.04 இல் 2.34.1 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். அவர்கள் எண்ணை மாற்றாமலே திருத்தங்களைச் சேர்க்கிறார்கள். வழமையான அப்டேட்டைத் தவறாமல் செய்தால் போதும்.

படி 2: இந்த ஃபோல்டர் யாருடையது?

நான் அதிக நேரம் மாட்டுப்பட்டது இங்கேதான். வீட்டுக் கணினியில் ஒழுங்காக வேலை செய்த ப்ரொஜெக்ட், பென் டிரைவில் கொண்டு போனதும் மறித்தது. காரணம், ஃபாட்32, எக்ஸ்ஃபாட் முறையில் ஃபோர்மட் செய்த பென் டிரைவில் ஒரு கோப்பு யாருடையது என்ற விபரமே பதிவாகாது. பிழைச்செய்தியின் கீழே அது எழுதியும் இருக்கும், மேல் வரியோடு நிறுத்திவிடுவதால் கண்ணில் படாது. என்டிஎஃப்எஸ் என்றால் உரிமை பதிவாகும். ஆனால் அது மற்றக் கணினியின் பயனருக்கு உரியதாக இருக்கும், அதனால் அதுவும் மறிக்கும்.

சரி, பென் டிரைவில் இருப்பதை டொகியூமென்ட்ஸுக்குக் கொப்பி பண்ணினால்? வேலை செய்யும். கொப்பி உங்கள் பெயருக்கு வந்துவிடுவதால் கிட் கேள்வி கேட்காது. ஆனால் '.கிட்' ஃபோல்டருக்குள் இருக்கும் கொன்ஃபிக்கும் ஹூக்ஸும் (கிட் தானாக ஓட்டும் சிறு புரோகிராம்கள்) சேர்ந்தே வந்துவிடும். உங்கள் சொந்த ப்ரொஜெக்ட் என்றால் பரவாயில்லை. இன்னொருவர் தந்த பென் டிரைவ் என்றால் கொப்பி பண்ண வேண்டாம், ப்ரொஜெக்ட்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்பில் போடச் சொல்லி அங்கிருந்து குளோன் செய்யுங்கள், அதாவது 'கிட் குளோன்' கட்டளையால் இறக்குங்கள். குளோன் செய்யும்போது அவருடைய கொன்ஃபிக்கும் ஹூக்ஸும் வராது. என்னைக் கேட்டால், சொந்த வேலைக்கும் இதுதான் நல்லது. பென் டிரைவ் தொலைந்தாலும் வேலை தொலையாது.

படி 3: அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி

குளோன் செய்ய வழியில்லை, ஃபோல்டர் உங்களுடையது என்பது உறுதி என்றால் மட்டும் இது. பிழைச்செய்தியின் கடைசியில் 'கிட் கொன்ஃபிக் --குளோபல் --ஆட் சேஃப்.டைரக்டரி' என்று தொடங்கும் வரி, உங்கள் ஃபோல்டரின் பாதையோடு இருக்கும். அதை அப்படியே கொப்பி பண்ணி ஓட்டுங்கள். பாதையைக் கையால் தட்டாதீர்கள், ஒரு எழுத்து மாறினாலும் பலன் இல்லை.

படி 4: பழைய நட்சத்திரத்தை நீக்குதல்

'கிட் கொன்ஃபிக் --குளோபல் --கெட்-ஓல் சேஃப்.டைரக்டரி' என்று கொடுத்துப் பாருங்கள். நட்சத்திரம் தெரிந்தால் 'கெட்-ஓல்' இருந்த இடத்தில் 'அன்செட்-ஓல்' போட்டு ஓட்டுங்கள். எல்லா அனுமதியும் அழியும், தேவையானதைப் பிறகு சேர்க்கலாம்.

பின்சேர்க்கை

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டார்: ப்ரொஜெக்டுக்குள் உள்ள கொன்ஃபிக்கிலேயே சேஃப் டைரக்டரியை எழுதினேன், ஏன் வேலை செய்யவில்லை? வேண்டுமென்றேதான் கிட் அதைப் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்தினால், பொறி வைப்பவரே தன் ஃபோல்டருக்கு அனுமதியும் எழுதி வைத்துவிடுவாரே.

மூதூரில் படிப்பிக்கும் ஒரு அக்காவுக்குப் பென் டிரைவ் ஒருநாள் 'இ', மறுநாள் 'எஃப்' என்று ஏறியதால் அனுமதி செல்லாமல் போயிருக்கிறது. அனுமதி பாதைக்குத்தான், பென் டிரைவுக்கு அல்ல. அதே எழுத்தில், அதே ஃபோல்டர் பெயரோடு வேறொருவரின் பென் டிரைவ் ஏறினால் அதற்கும் செல்லும். அதனால் பொதுக் கணினியில் வேலை முடிந்ததும், நட்சத்திரம் இல்லாவிட்டாலும், படி 4 இன் 'அன்செட்-ஓல்' கட்டளையை ஓட்டிவிட்டு எழும்புங்கள். வகுப்பு நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகள் எல்லாரும் ஒரே விண்டோஸ் கணக்கில் நுழைந்தால், அவர்களுக்கிடையே இந்தச் சோதனை எதையும் தடுக்காது. ஆளுக்கொரு கணக்கு திறந்து கொடுங்கள்.