போர்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் செய்யும் தவறுகள்

குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரம். நீடாமங்கலம் பக்கத்தில் சித்தப்பாவின் போர்செட் கொட்டகையில், போனிலிருந்தே மோட்டாரை ஓட்டி நிறுத்த ஒரு இஎஸ்பி32 போர்டு, அதாவது வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டு, வைத்திருந்தேன். புது புரோகிராம் ஏற்றி, வீட்டு மேசையில் சோதித்துப் பார்த்து எடுத்துப் போனேன். மோட்டார் சுவிட்சை இயக்கும் ரிலே மாட்யூலோடு இணைத்ததும் போர்டு எழவே இல்லை. திரும்ப ஏற்றினால் பாதியில் பிழை. வேறு போர்டு வைத்தேன், அதுவும் அப்படியே. இரண்டும் போச்சு என்று டிராயரில் போட்டுவிட்டு மூன்றாவது வாங்கினேன். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. "தம்பி, நாத்து வாடுதுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டார்ட்டரைக் கையால் போட்டுக்கொண்டார்.

அந்த இரண்டு போர்டும் சாகவில்லை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இந்த டெல்டா பக்கம் பம்ப்செட்டுக்கும் வயல் தண்ணீர் மட்டத்துக்கும் போர்டு கட்டும் பிள்ளைகள் பலர் இதே இடத்தில் பணத்தைத் தொலைக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் தவறு, போர்டு என்ன சொல்கிறது என்று பார்க்காமலே தீர்ப்பு எழுதுவது. இஎஸ்பி32 சிப்புக்குள் அழிக்கவே முடியாத ரோம் நினைவகம் ஒன்று இருக்கிறது. போர்டு எழும்போது முதலில் ஓடும் சின்ன புரோகிராமான பூட்லோடர் அங்கேதான் இருக்கிறது. நாம் எவ்வளவு மோசமான புரோகிராம் ஏற்றினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. போர்டு அனுப்பும் வரிகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரை 115200 வேகத்தில் திறந்து, ரீசெட் செய்யும் இஎன் பட்டனை ஒருமுறை தட்டுங்கள். பழைய இஎஸ்பி32 என்றால் 'இடிஎஸ் ஜூன் 8 2016' என்று தொடங்கும் வரி வரும். அது வந்தால் சிப் உயிரோடு இருக்கிறது. இஎஸ்பி8266 போர்டில் இந்த முதல் வரிகள் 74880 வேகத்தில் வரும். 115200-இல் பார்த்தால் கிறுக்கலாகத் தெரியும், அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

என் போர்டு அன்று சொன்னது 'ஃப்ளாஷ் ரீட் எரர், 1000'. நம் புரோகிராமைச் சேமித்து வைக்கும் ஃப்ளாஷ் சிப் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் தவறு ரிலே கம்பியில். இஎஸ்பி32-இன் 12ஆம் பின், போர்டு எழும் கணத்தில் ஃப்ளாஷுக்கு எத்தனை வோல்ட் என்பதைத் தீர்மானிக்கிறது. அது தாழ்ந்திருந்தால் 3.3 வோல்ட், உயர்ந்திருந்தால் 1.8 வோல்ட். என் ரிலே மாட்யூலில் உள்ளீட்டை மேலே இழுத்து வைக்கும் ரெசிஸ்டர் ஒன்று இருந்தது. 12ஆம் பின்னில் அதை மாட்டியதும் ஃப்ளாஷுக்கு வோல்ட் போதவில்லை. மேசையில் ரிலே இல்லை, அதனால் ஓடியது. கம்பியை 26ஆம் பின்னுக்கு மாற்றியதும் மூன்று போர்டும் எழுந்தன. ஆகவே சந்தேகம் வந்தால் முதலில் எல்லாக் கம்பியையும் கழற்றிவிட்டு வெறும் போர்டைச் சோதியுங்கள். 6 முதல் 11 வரையான பின்களைத் தொடவே வேண்டாம், அவை ஃப்ளாஷுக்குப் போகிறவை.

இந்த வோல்ட் சிக்கலை இஃபியூஸ், அதாவது சிப்புக்குள் இருக்கும் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய அமைப்பு, எரித்து நிரந்தரமாகத் தீர்க்கலாம் என்று சிலர் வழி சொல்வார்கள். இஃபியூஸ் ஒருமுறை எரித்தால் திரும்பாது. பின்னை மாற்றினால் தீர்கிற காரியத்துக்கு அந்த வேலை தேவையில்லை.

அடுத்தது கேபிள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா கம்பி இருக்காது. விளக்கு எரியும், ஆனால் கணினியில் போர்டுக்கான சீரியல் போர்ட் வராது. கேபிளை மாற்றியும் வராவிட்டால், போர்டிலுள்ள யூஎஸ்பி சிப்புக்கு ஏற்ற சிஎச்340 அல்லது சிபி2102 டிரைவர் கணினியில் இருக்கிறதா என்று பாருங்கள். போர்ட் வந்தும் புள்ளி புள்ளியாக ஓடி 'கனெக்ட் ஆகவில்லை' என்று நின்றால், பூட் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே இஎன்-ஐத் தட்டிவிட்டு, அப்புறம் பூட்டை விடுங்கள்.

ஃப்ளாஷை முழுதாக அழித்தபின் 'இன்வேலிட் ஹெடர்' என்று வரி வரியாக ஓடுவதைப் பார்த்து பயப்படுகிறவர்கள் உண்டு. காலி என்றுதான் அது சொல்கிறது. திரும்ப ஏற்றும்போது முகவரி முக்கியம். ரோமில் இருப்பது தவிர ஃப்ளாஷில் ஏற்றும் இரண்டாவது பூட்லோடர் ஒன்று உண்டு. அது பழைய இஎஸ்பி32-க்கு ஹெக்ஸ் 1000-இல், எஸ்3, சி3 வகைகளுக்கு 0-இல்.

'பிரவுன்அவுட்', அதாவது வோல்ட் இறங்கிவிட்டது, என்று சொல்லி போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆனால் புரோகிராமைத் திருத்தி நேரம் போக்க வேண்டாம். சிம் போட்டு இணைக்கும் ஜிஎஸ்எம் மாட்யூல் சிக்னல் தேடும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்குத் தனி சப்ளை கொடுங்கள், கிரவுண்டை மட்டும் பொதுவாக்குங்கள்.

வேறு வகை போர்டுகளுக்கும் வழி உண்டு. அர்டுயினோ உனோவில் பூட்லோடர் போயிருந்தால் இன்னொரு உனோவைக் கொண்டே எழுதலாம். எழுதும் உனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைக்க மறந்துவிடாதீர்கள். ராஸ்பெரி பை பிக்கோவுக்கு பூட்செல் பட்டனைப் பிடித்தபடி யூஎஸ்பியைச் செருகினாலே போதும், கணினியில் பென்டிரைவ் போல ஒரு டிரைவாகத் தெரியும்.

உண்மையாகவே செத்த போர்டும் உண்டு. 3.3 வோல்ட் பின்னில் 5 வோல்ட் கொடுத்திருந்தால் சிப் கைவைக்க முடியாமல் சுடும். உடனே பிடுங்கிவிடுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் வைத்த போர்டாக இருந்தால், தூக்கிப்போடும் முன் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கும் பிரஷும் வைத்துத் தேய்த்துக் காயவிட்டால் திரும்பவும் ஓடக்கூடும்.

இன்னொன்று, இதில் விளையாட்டே கூடாது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் 415 வோல்ட் இருக்கிறது. அங்கே மாட்டியிருக்கும் போர்டில் லேப்டாப்பைச் செருகி புரோகிராம் ஏற்றாதீர்கள். மெயினை இறக்கி, போர்டைக் கழற்றி, வெளியே திண்ணைக்குக் கொண்டுவந்து செய்யுங்கள்.