பெயருக்குப் பின்னால் நீளும் எழுத்துகள்

மனநல சிகிச்சைக்கு ஆள் தேடும்போது, பெயருக்குப் பின்னால் வரிசை கட்டி நிற்கும் எழுத்துகளைப் பார்த்து மலைக்க வேண்டாம். அது பட்டமா, உரிமமா, சான்றிதழா என்று பிரித்துப் பாருங்கள். பட்டம் என்றால் படித்திருக்கிறார், அவ்வளவுதான். உரிமம் என்றால் ஓர் ஒழுங்குமுறை அமைப்புக்குப் பதில் சொல்லக் கட்டுப்பட்டவர்; பெரிய தவறு செய்தால் அது பறிபோகலாம். வில்லங்கமே சான்றிதழில்தான். பல வருடப் பயிற்சிக்கும் தருவார்கள், வார இறுதி ஆன்லைன் வகுப்புக்கும் தருவார்கள்.

சைக்கியாட்ரிஸ்ட் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியலில் மேற்படிப்பு முடித்தவர். மதிப்பீடும் பேச்சு சிகிச்சையும் அவர் வேலை, பெரும்பாலான இடங்களில் மருந்து எழுத மாட்டார். 'கவுன்சிலர்', 'தெரபிஸ்ட்' என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளக்கூடிய நாடுகளும் உண்டு. பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இருந்தால் எந்தத் துறையில் என்று கேளுங்கள், வரலாற்றில் பிஎச்.டி. வாங்கினாலும் டாக்டர்தான்!

சரி, எப்படிச் சரிபார்ப்பது? பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, உரிமம் தந்த அமைப்பின் இணையப் பதிவேட்டில் நீங்களே தேடுங்கள். உரிமம் நடப்பில் இருக்கிறதா, நடவடிக்கை ஏதும் உண்டா என்பது பல பதிவேடுகளில் தெரிந்துவிடும். எண்ணைக் கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் நான் போகமாட்டேன்.

பயிற்சியில் இருப்பவர் என்றால் ஒதுக்க வேண்டியதில்லை, யார் மேற்பார்வையில் என்று கேட்டால் போதும். அப்புறம், உங்கள் பிரச்சினைக்கே பழகியவரா என்றும் பாருங்கள். உதாரணமாக, ஓசிடி (வேண்டாத எண்ணங்களும் செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் உந்துதலும் விடாமல் துரத்தும் நோய்) என்றால் 'இஆர்பி' முறையில், அதாவது பயப்படுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொண்டு அந்த உந்துதலுக்கு இணங்காமல் இருக்கப் பழக்கும் சிகிச்சையில், பயிற்சி உண்டா என்று கேட்கலாம்.