ஃபிரேமைக் கேட்காமல் பார்ட்ஸ் வாங்காதீர்கள்: ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள் கட்டும்போது எங்கே சறுக்குகிறது

பெங்களூரில் சொந்தமாக ஒரு ஃபுல் சஸ்பென்ஷன் எம்டிபி (முன்னும் பின்னும் அதிர்வு தாங்கி உள்ள மலைச் சைக்கிள்) கட்ட நினைப்பவர்கள் பலரும் தலைகீழாகத்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆஃபரில் கிடைத்தது என்று 160 மி.மீ. டிராவல் (அமுங்கும் தூரம்) உள்ள முன் ஃபோர்க் முதலில் வந்துவிடும். பிறகு யாரோ கழற்றிப் போட்ட வீல்செட். கடைசியில் ஃபிரேம். மூன்றும் வீட்டு ஹாலில் கிடக்கும், ஒன்றோடொன்று சேராது. ஸ்டாண்டில் மாட்டிய பிறகு கண்ணில் படும் தவறுகளில் பெரும்பாலானவை ஆர்டர் போட்ட அன்றே நடந்து முடிந்தவை.

அதனால் காசை எடுப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். ஃபிரேம் கம்பெனியின் கையேட்டைப் பார்த்து எழுத வேண்டியவை இவை: பின் ஆக்ஸில் அளவு, பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுழலும் அச்சுப் பகுதி) வகை, ஹெட்செட் அளவு, ஷாக்கின் (பின்பக்க அதிர்வு தாங்கி) நீளமும் ஸ்ட்ரோக்கும், அதன் இரு முனைக்கான போல்ட், புஷ் அளவுகள், சீட் டியூப் விட்டம், சீட் போஸ்ட் எவ்வளவு ஆழம் இறங்கும், ஃபோர்க் டிராவலின் மேல் வரம்பு, பிரேக் ரோட்டரின் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவு, செயின்ரிங்கின் மேல் வரம்பு, டயர் அகலம், ஹேங்கர் (பின் கியர் மாற்றியான டீரெய்லரை ஃபிரேமில் மாட்டும் துண்டு) வகை. இந்தத் தாள் நிரம்பாமல் ஒரு போல்ட்கூட வாங்காதீர்கள். ஹேங்கர் அந்த ஃபிரேமுக்கு மட்டுமே உரியது என்றால் ஃபிரேமோடு சேர்த்தே இரண்டு வாங்கிவிடுங்கள். பிறகு தேடினால் அந்த மாடலே சந்தையில் இருக்காது. யுடிஎச் (பல கம்பெனிகளுக்கும் பொதுவான அளவு) ஹேங்கர் எடுக்கும் ஃபிரேமுக்கு அந்தக் கவலை குறைவு. ஸ்ராம் கம்பெனியின் டிரான்ஸ்மிஷன் வகை டீரெய்லர் ஹேங்கரே இல்லாமல் ஃபிரேமிலேயே நேராக மாட்டுவது. அதற்கு யுடிஎச் அளவுள்ள ஃபிரேம்தான் வேண்டும்.

எவ்வளவு டிராவல்

பெங்களூர்க்காரர்கள் ஓட்டப் போகும் துரஹள்ளி, அவலஹள்ளி பாதைகளில் இருப்பவை செம்மண், கருங்கல் பாறை, முள்புதர், சின்னச் சின்ன இறக்கங்கள். இதற்கு 120 முதல் 140 மி.மீ. தாராளம். ஆண்டுக்கு ஒரு முறை போகும் மலையை மனதில் வைத்து 170 மி.மீ. சைக்கிள் கட்டினால், மீதி நாளெல்லாம் கனகபுரா ரோட்டில் அந்த எடையை மிதித்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

ஃபிரேமுக்குச் சொன்னதைவிடப் பெரிய ஃபோர்க் போடுவது இன்னொரு ஆசை. டிராவல் 10 மி.மீ. கூடினால் ஹெட் ஆங்கிள் (முன் குழாயின் சாய்வு) ஏறக்குறைய அரை டிகிரி சாயும், பாட்டம் பிராக்கெட் உயரும், சீட்டும் பின்னால் சாயும். 10 மி.மீ. வரை பல கம்பெனிகள் விடுகின்றன. 130 ஃபிரேமில் 160 போட்டால் ஏற்றத்தில் முன் சக்கரம் அலையும். ஹெட் டியூபின் மீது விழும் நெம்புவிசையும் கூடும், வாரண்டியும் போய்விடும். செருப்புக்கு ஏற்ப காலை வெட்டும் வேலை இது.

ஷாக் அளவு: 5 மி.மீ. செய்யும் வேலை

அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ஷாக்கில் இரண்டு எண்கள் இருக்கும். 210×55 என்றால் கண்ணுக்குக் கண் நீளம் 210 மி.மீ., உள்ளே போகும் தூரம் 55 மி.மீ. 210×50 ஷாக் பார்வைக்கு அச்சு அசலாக அப்படியே இருக்கும், அதே துளையில் மாட்டும். ஆனால் 140 மி.மீ. டிராவல் உள்ள ஃபிரேம் 55 ஸ்ட்ரோக்குக்கு வரைந்தது என்றால், லீவரேஜ் விகிதம் (பின் டிராவலை ஸ்ட்ரோக்கால் வகுத்தது) சராசரியாக 2.5க்குச் சற்று மேல். அதில் 50 ஸ்ட்ரோக் ஷாக் போட்டால் பின் டிராவல் 127 மி.மீ. ஆகிவிடும். அதனால் ஒன்றும் உடையாது, கொஞ்சம் ஏமாற்றம் மட்டும்தான். மறுபுறம்தான் ஆபத்து. 50க்கு வரைந்த ஃபிரேமில் 55 போட்டால் சக்கரம் இன்னும் 12, 13 மி.மீ. மேலே வரும். டயர் சீட் டியூபைத் தேய்க்கும், அல்லது லிங்க் (பின்பக்கத்தை ஷாக்கோடு இணைக்கும் கை) ஃபிரேமில் போய் இடிக்கும். கார்பன் ஃபிரேம் என்றால் ஓர் இடியே போதும்.

பழைய இஞ்ச் கணக்கு ஷாக்குகள் 200×57 போன்ற எண்களில் வரும். 210×55க்கு அது கிட்டத்தட்ட சமம்தானே என்று வாங்குகிறவர்கள் உண்டு. சமம் இல்லை. நீளம் 10 மி.மீ. குறைந்தால் பின்பக்கம் தாழ்ந்து, பெடல் பாறையில் தட்டும். டிரனியன் வகை ஷாக்கின் மேல் முனையில் கண்ணே கிடையாது. இரு பக்கமும் போல்ட் நேராக ஷாக் உடலில் திருகும். அதைச் சாதாரண ஃபிரேமில் மாட்ட வழியில்லை.

செகண்ட் ஹேண்ட் ஃபிரேமில் ஷாக்கோடு சேர்ந்து வருகிறது என்றால் அதையே சரியான அளவு என்று நம்பிவிடாதீர்கள். முன்னால் வைத்திருந்தவர் தப்பாகப் போட்டிருக்கலாம். கம்பெனி அட்டவணைதான் சாட்சி. ஷாக் ஷாஃப்ட்டை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டுகிற கீறல் இருந்தால் சீல் தின்றுபோகும், காற்று நிற்காது. இன்னொன்று: ஷாக் பெட்டியில் புஷ், பின் எல்லாம் பெரும்பாலும் வராது. அகலத்தையும் போல்ட் விட்டத்தையும் சொல்லித் தனியாக வாங்க வேண்டும். சேராத புஷ்ஷை வாஷர் வைத்து இழுத்து முறுக்கினால் ஷாஃப்ட் மீது பக்கவாட்டு விசை விழுந்து சீக்கிரமே எண்ணெய் கசியும்.

வீல், கேசட்

இன்றைய ஃபிரேம்களில் பெரும்பாலானவை பூஸ்ட்: பின்னால் 148×12, முன் ஃபோர்க்கில் 110×15. பழைய வீல்செட் 142, 100 அளவாக இருக்கும். பின்னால் 6 மி.மீ., முன்னால் 10 மி.மீ. வித்தியாசம். அடாப்டர் கிட் கிடைக்கிறது. ஆனால் ரோட்டரை நகர்த்தி, ரிம்மை மறுபடி மையப்படுத்தி என்று வேலை நீளும். அந்தக் காசுக்குச் சரியான ஹப்பையே பார்க்கலாம்.

அடுத்தது ஃப்ரீஹப், அதாவது பின் ஹப்பில் கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) ஏறும் உடல். ஷிமானோவின் 10-51 கேசட்டுக்கு மைக்ரோ ஸ்ப்லைன் உடல் வேண்டும். ஸ்ராம் ஈகிளின் 10-50, 10-52க்கு எக்ஸ்டி. பழைய எச்ஜி உடலே இருந்தால் ஸ்ராம் என்எக்ஸ் ஈகிளின் 11-50, ஷிமானோவின் 11 ஸ்பீடு 11-51 போன்றவை பொருந்தும். 11 பல் கேசட் எச்ஜியில் ஏறும், 10 பல் ஏறாது என்று நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். ஸ்ராம் டைரக்ட் மவுண்ட் செயின்ரிங்கில் 3 மி.மீ. ஆஃப்செட் பூஸ்ட்டுக்கு, 6 மி.மீ. பழைய அளவுக்கு. மாற்றிப் போட்டால் கியர் விழும். ஆனால் பெரிய பல்லில் செயின் கோணி, பின்னோக்கி மிதிக்கும்போது கழன்று கீழே இறங்கும்.

பணத்தை எங்கே போடுவது என்பதில் எங்கள் கருத்து இது: டேம்பர் (துள்ளலை அடக்கும் பகுதி) நன்றாக உள்ள ஃபோர்க், ஷாக், பிரேக், டயர். இவற்றில் கஞ்சத்தனம் வேண்டாம். ஷிஃப்டிங்குக்கு ஷிமானோவின் டியோரே 12 ஸ்பீடு போதும். விலை உயர்ந்த கேசட்டும் தேய்ந்துதான் போகும்.

பாட்டம் பிராக்கெட்

பிஎஸ்ஏ திரெட் (திருகி மாட்டும் வகை) உள்ள 73 மி.மீ. ஷெல் என்றால் கொடுத்து வைத்தவர். மாட்டுவதற்கு முன் திரெட்டுக்குள் பெயிண்ட் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் கடையில் டேப் போட்டுச் சுத்தம் செய்து, ஷெல் முகத்தையும் ஃபேசிங் செய்து (சமமாகச் சீவி) வாங்குங்கள். திரெட்டில் கிரீஸ் தடவிய பிறகு ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது: செயின் பக்கத்துக் கப் இடஞ்சுழியாகத் திருகினால்தான் இறுகும். இடது கப் வழக்கம்போல வலஞ்சுழி. டூலைத் தொடாதீர்கள். விரலாலேயே மூன்று, நான்கு சுற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு சுற்றிலேயே கெட்டியாகிறது என்றால் திரெட் குறுக்கே ஏறியிருக்கிறது; வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். அங்கே பலம் காட்டினால் அலுமினியம் சுருள் சுருளாக வரும், ஃபிரேம் முடிந்தது. நேராகப் போன பிறகு டூல் வைத்து 35 முதல் 50 நியூட்டன் மீட்டர். ஷிமானோ கப் என்றால் 73 ஷெல்லுக்கு 2.5 மி.மீ. ஸ்பேசர் ஒன்று, செயின் பக்கம்.

கிராங்கின் ஆக்ஸில் ஷிமானோவில் 24 மி.மீ., ஸ்ராமின் டப் வகையில் 28.99 மி.மீ. பிராக்கெட்டை அதற்கேற்ப வாங்குங்கள். ஷிமானோ இடது கிராங்கின் பிளாஸ்டிக் மூடி பேரிங்கின் ஆட்டத்தை எடுப்பதற்கு மட்டும், 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர், அதாவது விரல் பலம். கிராங்கைப் பிடித்து நிறுத்துவது இரண்டு பக்கப் போல்ட்டுகள்; ஒன்று மாற்றி ஒன்றாக 12 முதல் 14 வரை. மூடியை இழுத்து முறுக்கியவர்களின் பேரிங்தான் ஒரு மழைக்காலத்திலேயே கரகரக்கும்.

காற்றை இறக்கிவிட்டு ஒரு சோதனை

முழு சைக்கிளும் கூடியதும், ஹோஸையும் செயினையும் வெட்டுவதற்கு முன், ஷாக்கின் காற்றை முழுதாக இறக்குங்கள். காயில் ஷாக் என்றால் ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். பின் சக்கரத்தை மெல்ல மேலே தூக்கிக்கொண்டே போய் அடிமட்டம் தொட வையுங்கள். ஒரே அசைவில் மூன்று விஷயங்கள் தெரியும்.

முதலாவது டயர். சீட் டியூபுக்கும், டிராப்பரை (ஏற்றி இறக்கும் சீட் போஸ்ட்) முழுதாக இறக்கியிருந்தால் சீட்டின் அடிப்பக்கத்துக்கும் இடைவெளி இருக்கிறதா? சின்ன அளவு ஃபிரேமில் 29 இஞ்ச் சக்கரம் போட்டிருந்தால் இங்கேதான் உரசும்.

இரண்டாவது செயின். ஹார்ட்டெயிலில் (பின் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிள்) அளப்பது மாதிரி அளந்து வெட்டுவதுதான் இந்த வகை சைக்கிளின் விலை உயர்ந்த தவறு. சஸ்பென்ஷன் அமுங்கும்போது பின் ஆக்ஸில் பாட்டம் பிராக்கெட்டை விட்டு விலகும். அந்த நீளத்துக்கும் செயின் வேண்டும். சில லிங்கேஜில் அடிமட்டத்துக்கு முன்பே தூரம் அதிகமாகும், அதனால்தான் மெல்லத் தூக்கிப் பார்க்கச் சொல்வது. மிக விலகிய நிலையில் நிறுத்தி, டீரெய்லர் வழியாக விடாமல், செயின்ரிங்கையும் மிகப் பெரிய பல்லையும் சுற்றி அளந்து, அதன்மேல் கையேடு சொல்லும் கண்ணிகளைச் சேர்த்து வெட்டுங்கள். குட்டையாகப் போனால், பெரிய கியரில் பாறையிலிருந்து இறங்கும் ஒரு நொடியில் டீரெய்லர், ஹேங்கர் இரண்டும் பிய்ந்து ஸ்போக்குக்குள் போகும்.

மூன்றாவது பின் பிரேக் ஹோஸ். மெயின் பிவட் (பின்பக்கம் அசையும் முக்கிய மூட்டு) அருகே அது இழுபடக் கூடாது. ஹாண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பியும் பாருங்கள். ஸ்டெம் உயரம் முடிவான பிறகே வெட்ட வேண்டும்.

டீரெய்லருக்கும் கேசட்டுக்கும் உள்ள இடைவெளியைத் தீர்மானிக்கும் பி ஸ்க்ரூவை மட்டும் சைக்கிள் மீது ஆள் உட்கார்ந்திருக்கும்போது வைக்க வேண்டும். ஸ்டாண்டில் தொங்கும்போது வைத்த இடைவெளி உட்கார்ந்ததும் மாறிவிடும்.

பிரேக்

ஃபோர்க்கில் 180 நேரடி மவுண்ட் இருந்தால் 160 ரோட்டர் போட முடியாது. 203க்கு அடாப்டர் உண்டு. ஃபிரேமும் ஃபோர்க்கும் அதை அனுமதிக்கின்றனவா என்று தாளைப் பாருங்கள். சென்டர் லாக் ஹப்பில் அடாப்டர் வைத்து ஆறு போல்ட் ரோட்டர் மாட்டலாம். ஆறு போல்ட் ஹப்பில் சென்டர் லாக் ரோட்டர் ஏறாது. ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ எல்லாம் மினரல் ஆயில். ஸ்ராமின் பழைய மாடல்கள் பலவும் டாட் திரவம், மேவன், டிபி8 மினரல். ஜே.சி. ரோட்டில் எந்தக் கடையிலும் டாட் 4 பாட்டில் கிடைக்கிறதே என்று ஷிமானோவில் ஊற்றினால் சீல் ஊதிப்போய் லீவர் நிற்காது. கழுவினாலும் தீராது. வெளிநாட்டிலிருந்து வரும் செட்டில் முன் பிரேக் பெரும்பாலும் இடது கையில் இருக்கும். மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகிய கைக்கு அது எதிர். மாற்ற வேண்டுமானால் ஹோஸை வெட்டும்போதே மாற்றுங்கள்.

டிராப்பர், ஸ்டீயரர், பேரிங்

ஆழம் தெரியாமல் போஸ்ட்டை விடாதீர்கள். இந்த ஃபிரேம்களில் சீட் டியூப் பாதியிலேயே வளையும், அல்லது பிவட் போல்ட் குறுக்கே வரும். டேப்பை உள்ளே விட்டு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, போஸ்ட்டின் மொத்த நீளத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் 150ஆ 200ஆ என்று முடிவு செய்ய வேண்டும். விட்டம் 30.9, 31.6, 34.9 என்று மூன்று உண்டு. பெரிய டியூபுக்குச் சின்ன போஸ்ட்டை ஷிம் வைத்துப் போடலாம், மறுபுறம் வழியில்லை.

ஸ்டீயரரை (ஃபோர்க்கின் மேல் குழாய்) ஒரே தடவையில் குட்டையாக வெட்டாதீர்கள். ஸ்டெம்முக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் ஸ்பேசர் விட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். கடைசி வெட்டு, மேல் ஸ்பேசரின் விளிம்பிலிருந்து 3 மி.மீ. கீழே. ஹெட்செட் ஆட்டத்தை எடுப்பது மேல் மூடி. ஃபோர்க்கைப் பிடித்து நிறுத்துவது ஸ்டெம் போல்ட். மூடியை முதலில் ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் திருகி, பிறகு ஸ்டெம்மை இறுக்குங்கள்.

பிவட் பேரிங் மாற்றும்போது, 6902 என்று எண்ணைப் பார்த்து எஸ்.ஜே.பி. ரோட்டில் மலிவாக வாங்கிவிடலாம் என்று தோன்றும். எண் சரிதான், 15×28×7. ஆனால் பிவட் முழுச் சுற்று சுற்றாது. ஒரு சில டிகிரி அசைந்து அசைந்து ஒரே இடத்தில் பாரம் வாங்கும். மோட்டார் பேரிங்கில் கூண்டு இருப்பதால் குண்டுகள் குறைவு, சீக்கிரம் பள்ளம் விழும். கூண்டில்லாமல் குண்டு நிரப்பிய மேக்ஸ் வகையைக் கேளுங்கள். பிவட் போல்ட் திரெட்டில் நீல லாக்டைட் ஒரு சொட்டு. பேரிங் பக்கம் வழிந்தால் அதுவே ஒட்டிக்கொள்ளும். பின் ஆக்ஸிலுக்குக் கிரீஸ்.

காற்று வைப்பது

சேக் (ஆள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் அமுங்கும் அளவு) அளக்கும்போது பலர் 140ல் 30 சதவீதம் என்று 42 மி.மீ.யை ஷாக்கில் தேடுகிறார்கள். ஷாக்கில் அளக்க வேண்டியது ஸ்ட்ரோக்கை: 55ல் 30 சதவீதம் 16.5 மி.மீ. ஷூ, ஹெல்மெட், தண்ணீர்ப்பை எல்லாம் போட்டுக்கொண்டு உட்காருங்கள். ஃபோர்க்குக்கு 15 முதல் 20 சதவீதம். காற்றை ஒரே மூச்சில் அடிக்காமல், 50 பி.எஸ்.ஐ.க்கு ஒரு முறை நிறுத்திப் பத்து தடவை மெல்ல அமுக்குங்கள். நெகடிவ் அறைக்கும் காற்று போய்ச் சேர்ந்தால்தான் எண் உண்மையாகும். சேக் சரியாக இருந்தும் அடிக்கடி அடிமட்டம் தட்டினால் காற்றைக் கூட்டாமல் வால்யூம் ஸ்பேசர் (காற்றறையின் இடத்தைக் குறைக்கும் துண்டு) ஒன்றைச் சேருங்கள்.

டியூப்லெஸ் சீலண்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) 29×2.4 டயருக்கு 100 முதல் 120 மில்லி. இந்த ஊர் முள்ளுக்கு அது அவசியம். இரண்டு, மூன்று மாதத்தில் உலர்ந்துவிடும், வால்வ் வழியாகக் குச்சி விட்டுப் பாருங்கள்.

முதல் இரண்டு ரைடுக்குப் பிறகு எல்லாப் பிவட் போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி சரி பாருங்கள். அப்போதே போல்ட் தலையிலிருந்து ஃபிரேம் வரை பெயிண்ட் பேனாவால் ஒரு மெல்லிய கோடு போட்டுவிடுங்கள். அடுத்த முறை கழுவும்போது கோடு உடைந்திருந்தால் அந்தப் போல்ட் திரும்பியிருக்கிறது.