பிசாசு வரும் முன்னால் தவளை நிற்க வேண்டும்: சின்ன பட்ஜெட் ஃபேன்டஸி படத்துக்கான போஸ்ட் புரொடக்‌ஷன்

ஷூட்டிங் முடிந்த கையோடு சி.ஜி. (கம்ப்யூட்டரில் உருவாக்கும் காட்சி) வேலையை ஆரம்பிக்காதீர்கள். காசு குறைவாக இருக்கிற ஃபேன்டஸி படத்தில் பணமும் நாளும் கரைவது பெரும்பாலும் இங்கேதான். பத்து நாள் உட்கார்ந்து செய்த ஷாட், எடிட்டில் அந்தக் காட்சியே வேண்டாம் என்று ஆனதும் வீணாகிவிடும். ஏரிக்கரையில் அலையும் ஒரு கொள்ளிவாய்ப் பிசாசின் கதையை நாங்கள் எடுத்தபோது அப்படி மூன்று ஷாட்களை இழந்தோம், இன்றைக்கு நினைத்தாலும் வலிக்கிறது. அதனால் எதை எப்போது செய்வது என்பதில் இருந்தே தொடங்குகிறேன்.

முதல் வேலை புட்டேஜைப் பத்திரப்படுத்துவது. மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்று வேறொரு வீட்டில் இருக்க வேண்டும். மவுஸால் இழுத்துப் போட்டு காப்பி செய்யாதீர்கள், டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் இருக்கும் குளோன் டூல் ஒவ்வொரு ஃபைலும் சரியாக வந்ததா என்று சரிபார்த்தே காப்பி செய்யும். ஃபோனில் எடுத்த ஷாட் ஏதாவது இருந்தால் அதன் ஃப்ரேம் ரேட் நிலையாக இருக்காது. எடிட்டுக்கு முன்பே ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு, விநாடிக்கு நிலையான 24 ஃப்ரேமுக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் பிறகு உதடும் வசனமும் சேராது. அப்புறம் பிராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் பயன்படும் சிறிய பிரதி) போட்டுக்கொண்டால் சாதாரண லேப்டாப்பிலேயே எடிட் செய்யலாம்.

எடிட்டில் பிசாசு வரும் இடத்தில் ஒரு ஆரஞ்சு வட்டத்தைப் போட்டு நகர்த்துங்கள், அது போதும். அந்த வட்டத்தோடு படத்தைக் கதை தெரியாத நான்கைந்து பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். வட்டத்தைப் பார்த்தே அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தால் அந்தக் காட்சி தேறிவிட்டது. உட்காரவில்லை என்றால் கோளாறு எடிட்டில் இருக்கிறது, அதன்மேல் எவ்வளவு நல்ல நெருப்பைப் போட்டாலும் மறையாது. ஒவ்வொரு சி.ஜி. ஷாட்டிலும் இதைப் பிசாசைக் காட்டாமல், பார்ப்பவரின் முகத்தை மட்டும் காட்டி முடிக்க முடியுமா என்று கேளுங்கள். எங்கள் முதல் பட்டியலில் 130 சி.ஜி. ஷாட் இருந்தது, எடிட் லாக் ஆனபோது, அதாவது இனி எடிட் மாறாது என்று முடிவானபோது, 54. படம் நன்றாக வந்ததற்கு அந்தக் குறைப்புதான் பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

லாக் ஆன பிறகு ஒவ்வொரு ஷாட்டையும் ஒரு ஷீட்டில் எழுதுங்கள். எண்களை 10, 20, 30 என்று விட்டு விட்டுக் கொடுத்தால், நடுவில் ஒன்று முளைத்தால் 15 என்று சொருகலாம். ஷாட்டின் இரு முனையிலும் 8 முதல் 12 ஃப்ரேம் கூடுதலாக எடுத்துக் கொடுங்கள். ஃபைல் பெயரில் ‘ஃபைனல்’ என்று எழுதவே வேண்டாம், பதிப்பு எண் மட்டும் போதும். எல்லாவற்றிலும் கடினமான ஷாட்டை முதலில் எடுங்கள், அதில் வருகிற தோற்றம்தான் மற்றதற்கெல்லாம் அளவுகோல்.

கருவிக்காக யாரும் கடன் வாங்க வேண்டாம். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் ‘ஃப்ளோ’ முழுக்க பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் செய்தது, அது இலவசம். ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே எடிட், கம்பாசிட்டிங் (எடுத்த ஷாட்டோடு சி.ஜி.யை ஒட்டுவது), டி.ஐ. (நிறம் சரிசெய்வது), சவுண்ட் நான்குக்கும் இடம் இருக்கிறது, ஆனால் இருட்டில் படத்தில் வரும் புள்ளிகளைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் அதில் கிடையாது. இரவுக் காட்சி நிறைய இருந்தால் இதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

இனி, ஒட்டியது தெரியாமல் ஒட்டுவது. மாடல் எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது என்பதைவிட, அந்த நெருப்பின் வெளிச்சம் சுற்றியிருப்பவற்றின் மேல் விழுகிறதா என்பதைத்தான் கண் தேடும். நடிகரின் முகத்தைச் சுற்றி ஒரு மாஸ்க் (அந்தப் பகுதியை மட்டும் பிரிக்கும் எல்லை) போட்டு, நெருப்பு ஏறி இறங்கும் அதே தாளத்தில் முகத்தின் சூட்டு நிறத்தையும் ஏற்றி இறக்குங்கள். தண்ணீர் இருந்தால் நெருப்பைத் தலைகீழாகத் திருப்பி, மங்கவைத்து, அலையோடு நெளியவிடுங்கள். நெருப்பின் நடுப்பகுதி கேமராவில் வெள்ளையாகவே வெடிக்கும், முழுக்க ஆரஞ்சாக இருந்தால் அது வரைந்த படம் மாதிரி நிற்கும். தூரத்தில் இருக்கும் எதற்கும் முழுக் கறுப்பு கிடையாது, பனியும் தூசியும் அதைச் சாம்பலாக்கும், சி.ஜி.யின் கறுப்பையும் அந்த அளவுக்கு ஏற்றுங்கள். மோஷன் பிளரும், அதாவது அசைவில் வரும் மங்கலும், பொருந்த வேண்டும்: 24 ஃப்ரேமில் 180 டிகிரி ஷட்டரில் (ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஷட்டர் பாதி நேரம் திறந்திருப்பது) எடுத்திருந்தால் பிளெண்டரில் ஷட்டர் 0.5. கிரெயினை, அதாவது படத்தில் தெரியும் நுண்புள்ளிகளைப் பொறுத்தவரை, முதலில் பிளேட்டை (கேமராவில் எடுத்த ஷாட்டை) சுத்தம் செய்து, சி.ஜி.யை வைத்து, பிறகு மொத்தத்தின் மேலும் ஒரே கிரெயினைப் போடுங்கள். கடைசியில் காமாவை, அதாவது படத்தின் நடுத்தர வெளிச்சத்தை, தாறுமாறாக ஏற்றிப் பாருங்கள். ஒட்டிய ஓரம் எங்கே இருந்தாலும் அப்போது தெரிந்துவிடும்.

ரெண்டரை, அதாவது கம்ப்யூட்டர் கணக்கிட்டுத் தரும் இறுதிப் படத்தை, வீடியோவாக எடுக்காதீர்கள், ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனி இ.எக்ஸ்.ஆர். என்ற வகைப் பட ஃபைலாக வரட்டும். 5 விநாடி ஷாட் என்றால் 120 ஃப்ரேம், ஒரு ஃப்ரேமுக்கு 4 நிமிடம் என்றால் 8 மணி நேரம். ராத்திரி கரண்ட் போனால் வீடியோ மொத்தமும் போய்விடும், தனி ஃப்ரேம்கள் என்றால் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம்.

சவுண்டை சி.ஜி. முடியும்வரை தள்ளிப்போடாதீர்கள், லாக் ஆன அன்றே ஆரம்பியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான், ஃபேன்டஸி படத்தில் காசுக்கு மேல் பலன் தருவதும் இதுதான். எங்கள் பிசாசின் குரல் மூன்று அடுக்கு: சேற்றில் குமிழி உடையும் சத்தம், காய்ந்த பனையோலை உரசல், ஒருவர் மூச்சை உள்ளிழுப்பதைப் பாதி வேகத்தில் ஓட்டியது. மெதுவாக்கப் போகிற சத்தத்தை 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்தால் நல்லது, உங்கள் மைக் பிடித்திருக்கும் உயர் ஓசைகளும் மெதுவான பிறகு கேட்கும். ஆனால் பார்ப்பவர்களை உலுக்கியது அந்தக் குரல் அல்ல. அது வருவதற்கு ஒரு விநாடி முன்னால் ஏரியில் கத்திக்கொண்டிருந்த தவளைகள் எல்லாம் ஒரேயடியாக நின்றுவிடும், அந்த அமைதிதான். அமைதி வேலை செய்ய வேண்டுமென்றால் அதற்கு முன் ஐந்து நிமிடமாவது தவளைச் சத்தம் காதுக்குப் பழகியிருக்க வேண்டும், ஆகவே அதைப் படத்தில் முன்கூட்டியே விதையுங்கள். ஃப்ரீசவுண்ட் தளத்தில் எடுக்கிற சத்தங்களின் உரிமத்தை ஒவ்வொன்றாகப் பாருங்கள், வணிகப் பயன்பாட்டுக்கு இல்லை என்று குறித்தவை விற்கப்போகிற படத்துக்கு ஆகாது.

டி.ஐ.க்குப் போகும்போது சி.ஜி.யோடு அதன் மேட்டையும் (சி.ஜி. இருக்கும் இடத்தை மட்டும் காட்டும் கறுப்பு வெள்ளைப் படம்) தனியாகக் கொடுங்கள், கலரிஸ்ட்டுக்கு நெருப்பை மட்டும் தொட வழி இருக்கும். தியேட்டரில் ஓட்டுவதற்கான ஃபைல் தொகுப்பான டி.சி.பி.யை டி.சி.பி.-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளிலேயே செய்யலாம். 2K அளவில், அகலத் திரையான ஸ்கோப் என்றால் 2048×858 பிக்சல், அதைவிட அகலம் குறைந்த ஃப்ளாட் என்றால் 1998×1080. லேப்டாப்பில் தெளிவாகத் தெரிந்த இரவுக் காட்சி தியேட்டர் திரையில் இருட்டுக்குள் போய்விடக்கூடும், அதனால் டி.ஐ. முடிவதற்கு முன்பே இருண்ட பத்து நிமிடத்தை மட்டும் தனி டி.சி.பி.யாக்கி, பக்கத்துத் தியேட்டரில் காலைக் காட்சிக்கு முன் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.